எட்டாவது வரி

மைனஸ் இருபத்தேழு.
வட மினசோட்டாவில் ஜனவரி என்றால் இப்படித்தான்.
ஐந்து மணிக்கே எஞ்சினை உசுப்பிவிட்டு
கையுறைக்குள் விரல்களை மடக்கி எண்ணுகிறேன்.
பத்து நாள் முடிந்தது.
இன்றைக்கு அவன் வருவான்.

அந்தப் படிவத்தை எழுதியவள் நான்தான்.
பேருந்து எண் பதினான்கு, ஓட்டுநர் வெர்னா மாக்கி.
மாணவன் டோபின் பெரலா, ஐந்தாம் வகுப்பு.
எஃகு பிளாஸ்க்கை வீசினான்.
நான்காம் வரிசைக் கண்ணாடி உடைந்தது.
யாருக்கும் காயம் இல்லை.
இப்படி ஏழு வரிகள், கீழே கையெழுத்து.
ஏழும் உண்மை.

உடைந்தது மட்டுமா கண்ணாடி?
என் தலைக்கு மேலே இன்னொன்று
நீளமாய்த் தொங்குகிறது, முதுகுக்குப் பின்னால் நடப்பதைக் காட்ட.
மூன்று வாரமாய் அதில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்:
சுரங்கத்தில் வேலை போனபின் அவன் அப்பா
பெட்ரோல் பங்க் வாசலில் விழுந்து கிடந்ததை
கடைசி வரிசைப் பையன்கள்
தள்ளாடித் தள்ளாடி நடித்துக் காட்டியதை,
தினமும், ரயில்வே கேட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை.
பனிச் சாலை, கண் முன்னால் இருக்க வேண்டும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அதுவும் உண்மைதான்.
உண்மைக்குத்தான் எத்தனை சௌகரியம்.

பத்து நாளும் அந்த வீட்டு வாசலில் நிறுத்தினேன்.
தங்கை இல்மா மட்டும் ஏறினாள், முதல் வகுப்பு,
தன்னைவிடப் பெரிய பையோடு.
மாலையில் அண்ணனின் வீட்டுப்பாடத் தாள்களை
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவாள்.
ஒரு நாள் காற்று இரண்டைப் பறித்துப்போனது.
விதிப்படி நான் இறங்கக் கூடாது.
இறங்கினேன், அறுபத்தொரு வயதில், முழங்கால் பனியில்.
பின்னக் கணக்கு கிடைத்தது.
மற்றொன்று கிடைக்கவே இல்லை.

மேல் ஜன்னலில் நின்று பார்த்திருந்தான்,
சீவாத தலையோடு.
நான் கையசைக்கவில்லை.
அசைத்தால் அவன் அதை என்னவென்று எடுத்துக்கொள்வான்?

இன்று கதவைத் திறந்தேன்.
இல்மா ஏறிவிட்டாள்.
அப்பா ராத்திரி உடுப்பின் மேல் கோட்டு மாட்டி
சாலை வரை வந்திருந்தார். சவரம் செய்திருந்தார்.
காதோரம் ஒரு சின்ன வெட்டு.
பிள்ளையின் முதுகில் வைத்த கையை
எடுப்பதா, லேசாய்த் தள்ளுவதா,
அவருக்கே தெரியவில்லை.

டோபின் ஒரு காலைப் படியில் வைத்தான்.
மறு கால் பனியிலேயே நின்றது.
உள்ளே முப்பத்தொரு பிள்ளைகள், சத்தமே இல்லை.

இரவெல்லாம் சொற்களைத் தயார்செய்திருந்தேன்.
நல்வரவு: சர்ச் வாசல் பலகை மாதிரி இருந்தது.
மன்னித்துவிட்டேன்: மன்னிக்க நான் யார்?
மன்னித்துக்கொள்: இத்தனை காதுகளுக்கு நடுவிலா?
வாயைத் திறந்தபோது வந்தது இதுதான்:
“ஏறுடா, சூடெல்லாம் வெளியே போகுது.”

எல்லாப் பிள்ளைகளும் தினமும் வாங்குகிற
அதே திட்டு.
அவன் தோள் அரை அங்குலம் இறங்கியது.
ஏறினான்.
நான்காம் வரிசையில் இல்மா
பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைசி வரிசையில் யாரோ தள்ளாடத் தொடங்கினார்கள்.
வண்டியை நகர்த்தவில்லை.
கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்,
அவர்கள் என் கண்களைப் பார்க்கும்வரை.
ஏழு நிமிடம் தாமதம். இருக்கட்டும்.

புதுக் கண்ணாடியில் கம்பெனி ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது.
சுரங்கக் குழியைத் தாண்டும்போது
அதன் ஓரத்தை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான்.
பள்ளிச் சொத்து.
பார்த்தேன். சுரண்டட்டும்.

எட்டரைக்கு அலுவலகத்தில்
அந்தப் படிவத்தைக் கேட்டேன்.
அது முடிந்துபோன கோப்பு, வெர்னா, என்றாள் ஜோலீன்.
ஏழாவது வரிக்கும் என் கையெழுத்துக்கும் நடுவே
கொஞ்சம் இடம் இருக்கும், கொடு, என்றேன்.

இடம் போதவில்லை.
தாளைத் திருப்பினேன்.